ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறேன்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

அம்பத்தூர் பட்டறைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். இந்த இணைய மன்றத்தில் வாசிப்பதோடு சரி, எழுதுவது அரிது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துகிறேன். வீடு அண்ணா நகர் மேற்கு. கடன்கள் எல்லாம் முடிந்த பிறகு எனக்கென்று ஒரு வண்டி வாங்கலாம் என்று வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த அனுமதி காலாவதி ஆவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

பி.எம்.டபிள்யூ எம்2 என்பது வரை முடிவாகிவிட்டது. ஆறு கியர் மேனுவலா, எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கா என்பதில்தான் சிக்கல். ஆட்டோமேட்டிக் 4.0 விநாடிகளில் 100 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது, மேனுவலுக்கு 4.2. ஆட்டோமேட்டிக்கில் முறுக்கு விசை 600 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 550. எஞ்சின் ஒன்றுதான், 480 குதிரைத் திறன். என் மைத்துனர் “சென்னையில் கிளட்ச் மிதிப்பவன் பைத்தியக்காரன்” என்கிறார். எனக்கோ மேனுவல் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைத்தாலே மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐந்தாம் வளைவு

ஆட்டோமேட்டிக். யோசிக்கவே வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். ஒரு சுற்றில் எத்தனை முறை கியர் மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கை ஸ்டீயரிங்கை விட்டு விலகுகிறது. ஆட்டோமேட்டிக்கில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்துக் கியர் மாற்றும் பேடில் (paddle) இருப்பதால் இரண்டு கைகளும் அங்கேயே இருக்கும். இடது கால் சும்மா இருப்பதால் அதை பிரேக்குக்குப் பழக்கலாம்.

அதைவிட முக்கியம் ஒன்று. நீண்ட நேர்ப்பகுதியின் முடிவில் ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறங்க நினைத்து, பதற்றத்தில் இரண்டாவதில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? எஞ்சினின் சுழற்சி எல்லையை மீறிவிடும். கணினி எரிபொருளைத்தான் நிறுத்த முடியும். சக்கரங்கள் எஞ்சினைப் பிடித்துச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. வால்வு வளையும், சில நேரம் எஞ்சினே போகும். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் அந்தக் கட்டளையைக் கொடுத்தால் மறுத்துவிடும். ஒரு கோடிக்கு மேல் போகும் வண்டியில் இந்த மறுப்பு பெரிய விஷயம்.

சோழவரம் பழைய ஆள்

தம்பி ஐந்தாம் வளைவு சொல்வது பந்தயத்துக்குச் சரி. அந்த வழக்கு 1989லேயே முடிந்துவிட்டது. பெராரி 640 காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்து பிரேசிலுக்கு அனுப்பினார்கள். பாதி தூரம்கூடத் தாங்காது என்று அவர்கள் குழுவிலேயே பயந்தார்கள். நைஜல் மான்செல் முதல் பந்தயத்திலேயே வென்றுவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பார்முலா 1ல் எல்லோரும் அதே வழிக்கு வந்தார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் நம் தீவுத்திடலைச் சுற்றி இரவில் பார்முலா 4 ஓடியதே, அந்தப் பிள்ளைகளின் கார்களிலும் பேடில்தான்.

ஆனால் கேள்வி கேட்டவர் பந்தயத்துக்குப் போகப்போவதாக எங்கும் எழுதவில்லை. அதை ஒருமுறை பார்த்துக்கொண்டு பதில் சொல்வது நல்லது.

எங்கள் காலத்தில் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். வெயிலில் நின்றபடி எந்த ஓட்டுநர் எங்கே கியர் இறக்குகிறார் என்று காதாலேயே கண்டுபிடிப்போம். கியர் இறக்கும்போது எஞ்சின் சுழற்சியை ஏற்ற, குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொண்டே முன்காலால் பிரேக் பிடிக்கும் வித்தையை அங்கேதான் முதலில் கேட்டேன். ஆமாம், பார்க்கவில்லை, கேட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் முயன்று பார்த்தேன். சென்னையில் தயாரான வண்டி அது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கித்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, என் அப்பாவின் குடும்ப வண்டிக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒன்றுவிட்ட உறவு உண்டு என்று சொல்லிக்கொள்வேன்.

புதுப்பேட்டை ஸ்பேனர்

பட்டறை வைத்திருப்பவன் பார்வையில் சொல்கிறேன். “ஆட்டோமேட்டிக்” என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறோம். அங்கேதான் பாதி சண்டை.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள பெட்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் பேசிக்கொள்கிறது. நெரிசலில் ஊர்ந்தால் தேய்வதற்கு அங்கே கிளட்ச் பிளேட் உராய்வது இல்லை, எண்ணெய் சூடாகும், குளிர்விப்பான் பார்த்துக்கொள்ளும். வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் பூட்டுக் கிளட்ச் இறுகிக்கொள்வதால் பழைய காலத்து வழுக்கலும் இல்லை. எம்2வில் இருப்பது இந்த வகை, இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி.

இரட்டைக் கிளட்ச் பெட்டி வேறு கதை. ஒற்றைப்படை கியர்கள் ஒரு தண்டில், இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றில். மூன்றாவதில் போகும்போதே நான்காவது தயாராகப் பல் கோத்து நிற்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்கும். மாற்றம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதிலும் கிளட்ச் எண்ணெயில் ஊறியிருந்தால் சூட்டைத் தாங்கும். உலர் கிளட்ச் என்றால், கத்திப்பாரா மேம்பால ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போது உள்ளே கணினியே அரை கிளட்ச் (பாதி பிடித்து, பாதி வழுக்கும் நிலை) பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். மே மாதத்தில் அந்தப் பிளேட்டுக்கு ஓய்வே கிடையாது. முன்வண்டி நகர்ந்ததும் நாமும் ஓர் அடி நகர வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிட்டு, இடைவெளி விழுந்த பிறகு ஒரேயடியாக நகர்ந்தால் நெடுநாள் உழைக்கும். நம் ஊரில் அந்த இடைவெளியில் ஆட்டோ வந்து நிற்கும் என்பது தனிச் சோகம்.

மேனுவலிலும் அரை கிளட்ச்தான் எதிரி. வித்தியாசம், அங்கே குற்றவாளி யார் என்று தெரியும். இறக்குமதி வண்டியில் கிளட்ச் மாற்றுவது என்றால் பெட்டியையே இறக்க வேண்டும். பிளேட்டோடு, அது உரசும் எஞ்சின் பக்கத்துக் கனச் சக்கரமான ஃப்ளைவீலும் போயிருந்தால் பில் தொகையை வீட்டில் காட்டாமல் இருப்பது நல்லது. பாகம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

அம்பத்தூர் பட்டறைக்காரர்

ஸ்பேனர் சார், இவ்வளவு தெளிவாக ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்த பையன் பேடில் இருந்தால் இரட்டைக் கிளட்ச் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். முந்தைய எம் வண்டிகளில் இரட்டைக் கிளட்ச்தான் இருந்தது, அந்த நினைவாக இருக்கலாம்.

பழைய ஆள் ஐயா சொன்னதுபோல், பந்தயத் தடத்துக்குப் போகும் திட்டம் பெரிதாக இல்லை. எப்போதாவது ஒருநாள் போகலாம்.

துரைப்பாக்கம் தாரணி

ஒரு மாற்றுக் குரல். நான் ஓட்டுவது எம்2 இல்லை, வோக்ஸ்வேகன் விர்டஸ் ஜி.டி., 1.5 லிட்டர், 150 குதிரைத் திறன், ஆறு கியர் மேனுவல். வேலை சிறுசேரி. அதாவது மெட்ரோ பணி நடக்கும் அதே ஓ.எம்.ஆரில் தினமும் போய்வருகிறேன். முழங்கால் நன்றாகவே இருக்கிறது. மேனுவல் என்றாலே கால் வலி என்பவர்கள் கடைசியாக ஓட்டியது எந்தக் காலத்து வண்டி என்று கேட்க ஆசை. கிளட்ச் எவ்வளவு கனம், எந்த உயரத்தில் பிடிக்கிறது, இருக்கை எவ்வளவு முன்னால் வருகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

வாங்கும்போது ஓர் ஷோரூமில் நடந்தது: நான் வாயைத் திறக்கும் முன்பே விற்பனையாளர் ஆட்டோமேட்டிக் வண்டியின் சாவியை எடுத்துவிட்டார். “மேடம்களுக்கு இதுதான் வசதி.” உடன் வந்த என் தம்பிக்கு மேனுவலைக் காட்டினார். அவனிடம் ஓட்டுநர் உரிமமே கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சற்று ஓயும். அப்போது இரண்டாவதிலிருந்து மூன்றாவது, மறுபடி இரண்டாவது, ஒரு வளைவு, மறுபடி மூன்றாவது. வேகமானி 50ஐத் தாண்டாது. ஆனாலும் வண்டி ஓட்டினேன் என்ற நிறைவு இருக்கும். இதை 0.2 விநாடிக் கணக்கில் எங்கே எழுதுவது? சாதாரண வேகத்திலேயே கைக்கும் காலுக்கும் வேலை கொடுப்பதுதான் மேனுவலின் முழு நியாயம். பந்தயத் தடத்தில் அது தோற்றுவிட்டது, சரி. நாம் யாரும் தடத்தில் குடியிருக்கவில்லையே.

கணக்குப்பிள்ளை

தாரணி சொன்னது முழுக்கச் சரி. அதனாலேயே எம்2வுக்கு அது பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். எம்2வின் எஞ்சின் நிமிடத்துக்கு 7,200 சுழற்சி வரை போகும். முதல் கியரின் எல்லையே ஏறக்குறைய 60 கி.மீ. இரண்டாவதில் எல்லை வரை இழுத்தால் 100ஐத் தொட்டுவிடும். சென்னைக்குள் கார்களுக்கு அனுமதி 60, குடியிருப்புத் தெருக்களில் 30. ஆக, சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டினால் ஒரு கியரைக்கூட நீங்கள் முழுதாகப் பயன்படுத்த முடியாது. 2,000 சுழற்சியில் அடுத்தடுத்து மேலே போட்டுக்கொண்டே போகலாம், அவ்வளவுதான். எஞ்சின் எந்தக் கியரில் இருந்தாலும் இழுக்கும், ஏனென்றால் 550 நியூட்டன் மீட்டர் இருக்கிறது. சரியான கியரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் திறமைக்கு என்ன வேலை?

தாரணியின் வண்டியில் அப்படி இல்லை. 150 குதிரைத் திறனை வைத்துக்கொண்டு முந்த வேண்டும் என்றால் எந்தக் கியர் என்று யோசித்தாக வேண்டும். தப்பான கியரில் இருந்தால் வண்டி முனகும். அந்த யோசனைதான் சுவை. திறன் குறையக் குறைய மேனுவலுக்கு மதிப்பு கூடுகிறது. திறன் கூடக்கூட அது அலங்காரம் ஆகிறது. ஆகவே என் தீர்ப்பு: எம்2 என்றால் ஆட்டோமேட்டிக். மேனுவல்தான் வேண்டும் என்றால் எம்2வே வேண்டாம், அந்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு விர்டஸ் ஜி.டி. மேனுவல் வாங்கிவிட்டு மிச்சத்தை வங்கியில் போடுங்கள்.

சோழவரம் பழைய ஆள்

கணக்குப்பிள்ளை, உங்கள் கணக்கு பிரமாதம். ஆனால் அதே கணக்கின்படி 480 குதிரைத் திறனே அலங்காரம்தான். அதை வாங்க அனுமதிக்கிறீர்கள், ஒரு கிளட்ச் பெடலை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

ஐயா, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வங்கியில் போடச் சொன்னதும் அதனால்தான்.

ஐந்தாம் வளைவு

மலைப்பாதையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் வண்டியை உண்மையில் ஓட்டுவது ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலையில்தான். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டுக்கு சேலம் பக்கமிருந்து 20, கொல்லிமலைக்கு 70. அந்த எழுபதில் கிளட்ச் மிதித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

துரைப்பாக்கம் தாரணி

மிதித்திருக்கிறேன். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போவது! (ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். வள்ளல் பெயர் கொண்ட வளைவில் கியரை மிச்சம் பிடிப்பது முறையல்ல.)

இறங்கும்போதுதான் எனக்கு மேனுவலின் மேல் கூடுதல் நம்பிக்கை. இரண்டாவதில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் கொதிக்காது.

புதுப்பேட்டை ஸ்பேனர்

அதை ஆட்டோமேட்டிக்கிலும் செய்யலாம் சகோதரி. ‘டி’யில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள்தான் கீழே வந்ததும் சக்கரத்திலிருந்து புகை வருகிறது என்று தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். கியரை மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாவதில் நிறுத்தினால் நல்ல பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். பேடிலை ஒருநாளும் தொடாமலேயே வண்டியை விற்றவர்களை எனக்குத் தெரியும். புத்தம் புதிதாக இருக்கும், ஒரு கீறல்கூட இருக்காது.

மழை பற்றியும் ஒரு சொல். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் பட்டறைக்கு வந்த வண்டிகளில் இரண்டு வகைக்கும் தனித்தனிச் சேதம். உலர் கிளட்ச் இருக்கும் அறைக்குள் தண்ணீர் போனால் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அது மேனுவலுக்கும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் பெட்டியின் காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். அது இன்னும் பெரிய செலவு. எம்2 போன்ற தாழ்வான வண்டியை நவம்பரில் தெருவில் நிறுத்தாதீர்கள், எந்தக் கியராக இருந்தாலும்.

சும்மா வந்தவன்

மறுவிற்பனை பற்றி யாருமே பேசவில்லையே? மேனுவலை யார் வாங்குவார்கள்?

ஐந்தாம் வளைவு

சாதாரண வண்டியில் ஆட்டோமேட்டிக் சுலபமாகப் போகும். இந்த வகையில் தலைகீழாகவும் நடக்கலாம். போர்ஷே 2013ல் 911 ஜி.டி.3யை இரட்டைக் கிளட்ச் பெட்டியோடு மட்டும் விட்டது. பெரும் முணுமுணுப்பு. 2016ல் மேனுவலோடு மட்டும் 911 ஆர் என்று 991 வண்டிகள் செய்தார்கள். அவை கைமாறிய விலையைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. அடுத்த ஆண்டு ஜி.டி.3க்கு மேனுவல் திரும்பி வந்தது. வேகத்தில் தோற்ற பெட்டியைக் கேட்டு வாங்கினார்கள், அதுவும் கூடுதல் விலை கொடுத்து. என் கட்சிக்கு எதிரான சான்றுதான், இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

எதிர்ப்பக்கம் ஒன்று: எம்2வின் உச்ச வடிவமான சி.எஸ். ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் வருகிறது. நிறுவனம் எந்தப் பக்கம் போகிறது என்பது அதில் தெரிகிறது.

சும்மா வந்தவன்

அப்படியானால் மேனுவல் முதலீடு என்று சொல்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை

ஆயுள் வரி, காப்பீடு, டயர் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

அம்பத்தூர் பட்டறைக்காரர்

எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். மைத்துனருக்கும் அனுப்பினேன். அவர் ஸ்பேனர் சாரின் பதிவை மட்டும் வாசித்துவிட்டு “நான் சொன்னதையேதான் சொல்கிறார்” என்று பதில் அனுப்பியிருக்கிறார்.

கடந்த சனிக்கிழமை இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். மேனுவல் சென்னையில் இல்லை. வேறு ஊரில் ஒரு நண்பரின் வண்டி. ஆட்டோமேட்டிக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் நினைப்பதற்கு முன்பே சரியான கியரில் நிற்கிறது. வண்டியை விட்டு இறங்கும்போது அருமையான வண்டி என்று நினைத்தேன். மேனுவலை விட்டு இறங்கும்போது இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்டேன். கியர் இறக்கும்போது அதுவே சுழற்சியை ஏற்றிச் சமன் செய்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டால் நாமே குதிகாலால் தட்டலாம். பழைய ஆள் ஐயாவை நினைத்துக்கொண்டு அணைத்துப் பார்த்தேன். நண்பர் முகம் சுருங்கியது, மறுபடி போட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளையின் வாதம்தான் என்னை அதிகம் அசைத்தது. 60க்குள் இந்த வண்டிக்கு ஒரே கியர் போதும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் என் நிலைமை வேறு. தினமும் தொழிற்சாலைக்கு இன்னோவாவில் போகிறேன், ஓட்டுநர் இருக்கிறார். பாடி மேம்பாலத்து நெரிசலில் எம்2வை நிறுத்தும் தேவையே எனக்கு வராது. ஞாயிறு விடியற்காலை கிழக்கு கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை, மாதம் ஒருமுறை மலை. நெரிசலைக் காரணம் காட்டி ஆட்டோமேட்டிக் எடுத்தால், நான் ஓட்டாத சாலைக்காக வண்டி வாங்கியதுபோல் ஆகும். 0.2 விநாடியை யாரிடம் நிரூபிக்கப்போகிறேன்?

மேனுவலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். முழுதாக இறக்குமதி ஆகும் வண்டி என்பதால் காத்திருக்க வேண்டும். மறைமலை நகர் தாண்டி மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அவர்கள் தொழிற்சாலையே இருக்கிறது, என் வண்டி மட்டும் கப்பலில் வர வேண்டுமாம்.

ஐந்தாம் வளைவு

வாழ்த்துகள். தப்பான முடிவு, ஆனால் காரணம் சரி. தடத்துக்கு ஒருநாள் கூட்டி வாருங்கள், ஐந்தாவதிலிருந்து இரண்டாவதுக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

துரைப்பாக்கம் தாரணி

மரக்காணம் போகும் ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள், நானும் வருகிறேன். 60க்குள் யார் அதிகம் கியர் மாற்றுகிறார் என்று பார்ப்போம்.

அம்பத்தூர் பட்டறைக்காரர்

கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்பேனர் சார், வாரம் முழுக்க நிற்கப்போகும் வண்டி. கிளட்சுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

புதுப்பேட்டை ஸ்பேனர்

கிளட்சுக்கு ஒன்றும் வேண்டாம், முதல் 2,000 கி.மீ. மென்மையாக ஓட்டினால் போதும். கியர் குமிழின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் ஃபோர்க் தேயும். கிளட்ச் பெடலின் மேல் காலை ஓய்வாக வைப்பதும் கூடாது, பேரிங் சத்தம் போட ஆரம்பிக்கும். பேட்டரிக்குத்தான் கவனம் தேவை. நிற்கும் வண்டியில் முதலில் சாவது அதுதான். வீட்டு வாகன நிறுத்தத்தில் ஒரு பிளக் பாயின்ட் போட்டு, பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜர் ஒன்றை மாட்டி வையுங்கள். டயர் காற்றைச் சனிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள், ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் காற்றடிக்கும் கடை எதுவும் திறந்திருக்காது. பிறகு, அண்ணா நகர் மேற்கில் உங்கள் தெருவில் எத்தனை வேகத்தடை என்று எண்ணிவிட்டீர்களா? வண்டி வருவதற்குள் அதை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.